ஆறு எந்த நாளில் எவ்வளவு சுமக்கிறது: ஊட்டச்சத்து மாசைத் தொடர்ந்து அளப்பதன் பின்னணி

ஊட்டச்சத்து மாசு, ஆற்றில் கலக்கும் மற்ற மாசுகளைப் போன்றதன்று. நைட்ரஜனும் பாஸ்பரஸும் இல்லாமல் பயிரும் இல்லை, நீர்வாழ் உயிர்களும் இல்லை. வயலில் இட்ட உரத்தில் பயிர் எடுத்துக்கொண்டது போக மீந்தது, கால்நடைப் பண்ணைகளின் கழிவு, ஊர்களின் சாக்கடை நீர் ஆகியவற்றிலிருந்து இவை தேவைக்கு மேல் ஆற்றில் சேரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பாசி கட்டுமீறிப் பெருகுகிறது. அது மடிந்து அடியில் படிந்து அழுகுகையில் நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோய், மீன்களும் சிப்பிகளும் மூச்சுத் திணறுகின்றன. மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் இப்படியோர் உயிரற்ற மண்டலம் உருவாகிறது. 1985-இல் முறையாக அளக்கத் தொடங்கிய பின் பதிவானவற்றில் மிகப் பெரியது 2017-இல் உருவானது. அதன் பரப்பு 22,700 சதுர கிலோமீட்டருக்கும் மேல். இதைச் சுருக்க வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கடலுக்கு வந்து சேரும் நைட்ரஜன் எந்தக் கிளையாற்றின் வழியே, எந்த நாள்களில், எவ்வளவு வருகிறது என்பதில்தான் நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. அதற்கு முதன்மையான காரணம், ஆற்று நீரை நாம் அளந்துவந்த முறையே.

அந்த முறை எளிமையானது. மாதத்திற்கு ஒருமுறை, சில இடங்களில் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, ஒருவர் ஆற்றங்கரைக்குச் சென்று ஒரு புட்டியில் நீரெடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வகத்திற்கு அனுப்புவார். சில நாள்களில் முடிவு வரும். ஆறு மாசடைந்திருக்கிறதா, இல்லையா என்ற பொதுவான கேள்விக்கு இந்த முறை போதுமானது. ஆனால் ஏரிக்கோ கடலுக்கோ கேடு விளைவிப்பது ஒரு லிட்டர் நீரில் உள்ள செறிவு மட்டுமல்ல, ஆறு கொண்டுவந்து கொட்டும் மொத்தச் சுமையும்தான். செறிவையும் நீரோட்டத்தையும் பெருக்கினால் கிடைப்பது சுமை. இந்த இரண்டுமே மழை பெய்யும் சில நாள்களில் தலைகீழாக மாறிவிடுகின்றன.

கணக்காகப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பது புரியும். ஓர் ஆற்றில் வழக்கமான நாள்களில் நொடிக்கு 100 கன மீட்டர் நீர் ஓடுகிறது, அதில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன், அதாவது நைட்ரேட் என்ற கரைந்த வடிவில் உள்ள நைட்ரஜன், இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறு நாளொன்றுக்குச் சுமப்பது 43.2 டன். மாதத்தில் மூன்று நாள் மட்டும் பெருமழையால் ஓட்டம் 800 கன மீட்டராகவும் செறிவு 9 மில்லிகிராமாகவும் உயர்ந்தால், அந்த நாள்களில் தினமும் 622 டன் போகிறது. முப்பது நாளின் உண்மையான சுமை ஏறத்தாழ 3,030 டன். மாதிரி எடுத்தவர் சாதாரண நாளொன்றில் போயிருந்தால், அந்த ஒற்றை அளவைக் கொண்டு மாதத்திற்குக் கிடைக்கும் விடை 1,296 டன், பாதிக்கும் குறைவு. வெள்ள நாளில் போயிருந்தால் கிடைப்பது 18,660 டன். உண்மையைப் போல ஆறு மடங்கு. நடைமுறையில் யாரும் இவ்வளவு கண்மூடித்தனமாகப் பெருக்குவதில்லை என்பது உண்மைதான். தினசரி நீரோட்டம் பெரும்பாலும் தெரிந்திருக்கும். பல ஆண்டு மாதிரிகளைக் கொண்டு ஓட்டத்திற்கும் செறிவுக்கும் இடையே ஒரு தொடர்பைப் புள்ளியியல் முறையில் கண்டு, மாதிரி எடுக்காத நாள்களை அதைக் கொண்டு நிரப்புவார்கள். ஆனால் அந்தத் தொடர்பு எல்லா ஆண்டுகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. 2012-இல் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் கடும் வறட்சி ஏற்பட்டது. பயிர் சரியாக வளராததால் உரத்தின் நைட்ரஜன் மண்ணிலேயே தங்கிவிட்டது. 2013 வசந்தத்தில் பெய்த மழை அதை மொத்தமாக ஆறுகளுக்குள் அடித்துக்கொண்டு வந்தது. அயோவா மாநிலத்தின் ரக்கூன் ஆற்றில் நைட்ரேட் அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. முந்தைய ஆண்டுகளின் ஓட்டத்தை மட்டும் பார்த்துக் கணிக்கும் சூத்திரத்திற்கு மண்ணில் காத்திருந்த அந்த நைட்ரஜனைப் பற்றி எதுவும் தெரிய வாய்ப்பில்லை. மிசிசிப்பியின் கீழ்ப்பகுதியில் பேட்டன் ரூஜ் நகரருகே அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2011 இறுதியில் பொருத்தியிருந்த நைட்ரேட் சென்சார், அந்த வறட்சியையும் அதைத் தொடர்ந்த வெள்ளத்தையும் இடைவிடாமல் பதிவு செய்தது.

தொடர் அளவீடு வெறும் துல்லியத்திற்காக மட்டும் அன்று. பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை எண் கிடைக்கும்போது, மாசு எந்த வழியாக ஆற்றுக்கு வருகிறது என்பதையே படிக்க முடிகிறது; இம்முறையின் மிகப் பெரிய பயனாக நான் கருதுவது இதைத்தான். ஒரு மழையை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டம் ஏறத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் நீர் கலங்குகிறது. நிலத்தின் மேற்பரப்பில் ஓடிவரும் வெள்ளம் மண்துகள்களை வாரிக்கொண்டு வர, துகள்களில் ஒட்டிய பாஸ்பரஸ் சட்டென உயர்கிறது. பெரும்பாலும் வெள்ளம் உச்சத்தை எட்டும் முன்பே அதன் உச்சம் முடிந்துவிடும். அதே நேரத்தில் நைட்ரேட் பல ஆறுகளில் குறைகிறது, ஏனெனில் மழைநீர் அதை நீர்த்துப்போகச் செய்கிறது. வெள்ளம் வடியத் தொடங்கியதும் நைட்ரேட் மெல்ல ஏறி, பல நாள்கள் உயர்ந்தே நிற்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, வேர்ப்பகுதியில் கரைந்திருந்த நைட்ரேட்டைச் சேர்த்துக்கொண்டு, வயலுக்கு அடியில் பதித்த வடிகால் குழாய்கள் வழியாக வந்து சேர அவ்வளவு நேரம் ஆகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அது எந்நாளும் ஏறக்குறைய ஒரே அளவு மாசை வெளியேற்றுவதால், ஆறு வற்றியிருக்கும்போது செறிவு கூடுகிறது, வெள்ளத்தில் குறைகிறது. எனவே ஓட்டத்தை ஓர் அச்சிலும் செறிவை மற்றோர் அச்சிலும் வைத்து ஒரு வெள்ளத்தை வரைந்தால் கோடு ஒரு கண்ணியாக வளைகிறது. அக்கண்ணி வலஞ்சுழியா இடஞ்சுழியா என்பதே மேற்பரப்பு ஓட்டமா, நிலத்தடி வழியா என்பதற்கு முதல் தடயம். ஓடைக்கரையில் புல்வெளிப் பட்டை அமைத்தால் மேற்பரப்பில் ஓடிவரும் மண்ணும் பாஸ்பரஸும் தடைபடும். நிலத்தடிக் குழாய் வழியே வரும் நைட்ரேட் அப்பட்டையின் அடியிலேயே கடந்து போய்விடும். வழி தெரியாமல் தீர்வுக்குப் பணம் ஒதுக்குவது வீண் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மழையே இல்லாத நாளிலும் ஆறு ஒரே நிலையில் இருப்பதில்லை. பகலில் நீர்த்தாவரங்களும் பாசியும் ஒளிச்சேர்க்கைக்காக நைட்ரேட்டை உறிஞ்சுகின்றன. இரவில் அது மீண்டும் ஏறுகிறது. புளோரிடாவில் ஊற்றுநீரால் ஓடும் இச்சிடக்னி ஆற்றில் இந்த அன்றாட ஏற்ற இறக்கத்தைச் சென்சார்கள் தெளிவாகக் காட்டின. அதைக் கொண்டே ஆற்றின் தாவரங்கள் நாளொன்றுக்கு எவ்வளவு நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன என்றும் கணக்கிட முடிந்தது. மாதிரி எடுப்பவர்கள் எப்போதும் அலுவலக நேரத்தில்தான் ஆற்றுக்குப் போகிறார்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அப்படியானால் நம் பழைய பதிவுகள் பலவும் பகலின் ஆற்றை மட்டுமே பார்த்தவை. வேல்ஸ் நாட்டின் பிளின்லிமன் மலைப்பகுதி ஓடைகளில் ஆய்வாளர்கள் தானியங்கிக் கருவியால் ஏழு மணி நேரத்திற்கு ஒருமுறை மாதிரி எடுத்தது இந்தச் சாய்வைத் தவிர்க்கத்தான். ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் சரியாக 24 மாதிரிகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் நாளின் வெவ்வேறு மணியில் எடுக்கப்பட்டிருக்கும். மிக எளிய யோசனைதான். ஆனால் எவ்வளவு பொருத்தமானது!

நைட்ரேட்டை அளக்கும் சென்சார் இயங்கும் விதம் நேரடியானது. நைட்ரேட் ஏறத்தாழ 200 முதல் 220 நானோமீட்டர் வரையிலான புற ஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும். கருவியின் முனையில் இரண்டு சிறு குவார்ட்ஸ் சன்னல்கள் எதிரெதிரே இருக்கும். அவற்றுக்கு இடையே ஆற்று நீர் ஓடும். ஒரு பக்கத்திலிருந்து விளக்கின் ஒளி புறப்பட, மறுபக்கத்தில் எவ்வளவு ஒளி வந்து சேர்கிறது என்று அளந்து செறிவைக் கணக்கிடுகிறார்கள். வேதிப்பொருள் எதுவும் தேவையில்லை, கழிவும் இல்லை. சூரியத் தகடும் மின்கலமும் செல்பேசி இணைப்பும் இருந்தால் எண்கள் தானாக வந்துகொண்டிருக்கும். கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா ஆய்வு நிறுவனத்தில் கடல்நீருக்காக உருவாகிய இம்முறை, பின்னர் ஆறுகளுக்கு இறங்கி வந்தது. ஆற்றில் ஒரு கூடுதல் இடர் உண்டு. இலை மட்கிக் கரைந்த பழுப்புநிறக் கரிமப் பொருள்களும் அதே ஒளியை உறிஞ்சுகின்றன. அதனால் ஒரே அலைநீளத்தை நம்பாமல் பல அலைநீளங்களில் அளந்து, கரிமப் பொருள்களின் பங்கைக் கழிக்க வேண்டியிருக்கிறது. கலங்கிய நீரோ ஒளியை முற்றிலும் மறைத்துவிடும். தெளிந்த ஓடைக்குச் சன்னல்களின் இடைவெளி 10 மில்லிமீட்டர் இருக்கலாம். வண்டல் மிகுந்த ஆற்றுக்கு 2 அல்லது 1 மில்லிமீட்டராகக் குறைக்க வேண்டும், ஆனால் அப்போது குறைந்த செறிவை அறியும் கூர்மை போய்விடும். ஆகவே வாங்கும் முன்பே அந்த ஆறு வெள்ளத்தில் எவ்வளவு கலங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால், எந்த நாளுக்காகக் கருவியை வாங்கினோமோ அந்த நாளிலேயே அது கண்ணை மூடிக்கொள்ளும்.

பாஸ்பரஸுக்கு இப்படி ஓர் எளிய வழி இல்லை. பாஸ்பரஸின் கரைந்த வடிவமான பாஸ்பேட்டை அளக்க உலகெங்கும் கையாளப்படுவது 1962-இல் மர்பி, ரைலி இருவரும் வகுத்த மாலிப்டினம் நீல முறைதான். மாதிரியில் வேதிப்பொருள்களைச் சேர்த்து, எழும் நீல நிறத்தின் அடர்த்தியை அளப்பார்கள். இதைத் தானாகச் செய்யும் கருவிகள் ஆற்றங்கரையில் வைக்கப்படுகின்றன. ஆனால் அவற்றுக்கு நீர் இறைக்கும் குழாய், வடிகட்டி, கெட்டுப்போகாத வேதிக் கரைசல், கழிவைச் சேர்க்கும் கலன், மின்சாரம் எல்லாம் வேண்டும். துகள்களில் ஒட்டியதையும் சேர்த்து மொத்தப் பாஸ்பரஸை அளப்பதானால், மாதிரியை வேதிப்பொருளோடு சூடாக்கிச் சிதைக்கவும் வேண்டும். போதாக்குறைக்கு, நைட்ரேட் லிட்டருக்குப் பல மில்லிகிராம் என்ற அளவில் இருக்க, பாஸ்பரஸ் 0.1 மில்லிகிராமை எட்டும் முன்பே பாசியைப் பெருக்கிவிடும். அயர்லாந்தின் வேளாண் ஆய்வு நிறுவனமான டீகஸ்க், 2008-இல் தொடங்கிய தன் வேளாண் நீர்ப்பிடிப்புத் திட்டத்தில் கரையோர அறைகளில் இத்தகைய கருவிகளை ஆண்டுக்கணக்கில் ஓட்டிக் காட்டியிருக்கிறது. ஆனால் அதற்குத் தேவைப்படும் ஆளும் பொருளும் பல இடங்களுக்குக் கட்டுப்படியாவதில்லை. அதனால் பலரும் கலங்கலை அளந்து, அதிலிருந்து பாஸ்பரஸைக் கணிக்கிறார்கள். மண்துகளோடு வரும் பாஸ்பரஸுக்கு இது ஓரளவு ஒத்துவரும். கரைந்த நிலையில் வரும் பாஸ்பரஸோ நீரைக் கலக்குவதில்லை. அது கலங்கல் கருவிக்குத் தெரியாமலே கடந்துபோகும்.

அப்படிக் கடந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள ஈரி ஏரி சாட்சி. ஏரியின் மேற்கு முனையில் கலக்கும் மாமி ஆற்றை, ஒஹாயோவின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் 1970-களின் நடுப்பகுதியிலிருந்து தானியங்கி மாதிரிக் கருவிகளால் கண்காணித்துவருகிறது. வெள்ளக் காலங்களில் நாளொன்றுக்குப் பல மாதிரிகள் எடுத்து, கரைந்த பாஸ்பரஸையும் துகள் பாஸ்பரஸையும் தனித்தனியே அளந்தார்கள். மண்ணரிப்பைத் தடுக்கும் உழவு முறைகள் பரவியதும் துகளோடு வரும் பாஸ்பரஸ் குறைந்தது. இது நல்ல செய்தியாகத் தோன்றியது. ஆனால் 1990-களின் நடுவிலிருந்து கரைந்த பாஸ்பரஸ் ஏறத் தொடங்கியது. பாசி உடனே எடுத்துக்கொள்ளக்கூடியது இந்தக் கரைந்த பகுதிதான். ஏரியில் நச்சுப்பாசி மீண்டும் தலைதூக்கியது. 2014 ஆகஸ்டில், ஏரியிலிருந்து நீரெடுக்கும் டொலிடோ நகரின் குடிநீரில் மைக்ரோசிஸ்டின் என்ற பாசி நஞ்சு கண்டறியப்பட்டு, ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்று சில நாள்கள் அறிவுறுத்தப்பட்டார்கள். பின்னர் 2016-இல் அமெரிக்காவும் கனடாவும் ஏற்ற இலக்கின்படி, மாமி ஆற்றின் மார்ச் முதல் ஜூலை வரையிலான சுமை 2008-ஐ விட 40 சதவீதம் குறைய வேண்டும்: மொத்தப் பாஸ்பரஸ் 860 டன், கரைந்த பாஸ்பரஸ் 186 டன். கரைந்ததற்கென்று தனி எண் ஒன்று அந்த ஒப்பந்தத்தில் இடம்பெற முடிந்ததே பல பத்தாண்டுகள் விடாமல் நடந்த அந்த அளவீட்டால்தான். ஊட்டச்சத்து மாசை அளக்க விரும்பும் எந்த அமைப்பும் நைட்ரேட் சென்சாரை மட்டும் பொருத்திவிட்டு வேலை முடிந்ததாக எண்ணக்கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கருவியைப் பொருத்துவது எளிது. ஆற்றில் அதை நம்பத்தக்கதாக வைத்திருப்பதுதான் கடினம். கோடை வெயிலில் ஒரு வாரத்திற்குள் சன்னல்களில் வழுவழுப்பான பாசிப்படலம் பிடித்துவிடும். சிறு தூரிகையோ ரப்பர்த் துடைப்பானோ அளக்கும் முன் சுழன்று துடைத்தாலும் விளிம்புகளில் அழுக்கு தங்கும். படலம் ஒளியைத் தடுக்க, கருவி அதை நைட்ரேட் என்று எண்ணிக் கூட்டிச் சொல்லும். அதனால் இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு ஒருமுறை பராமரிப்பவர் நேரில் போக வேண்டும். அங்கே அவர் செய்யும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், துடைக்காமல் சென்சார் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வார், 6.8 என்று வைத்துக்கொள்வோம். வெளியே எடுத்துச் சன்னல்களை மென்துணியால் துடைத்து மீண்டும் அதே நீரில் இறக்கினால் இப்போது 6.3. இதற்கிடையே ஆறே மாறிவிடவில்லை என்று, கூடவே கொண்டுபோன மற்றொரு தூய கருவியால் உறுதி செய்துகொள்வார். அப்படியானால் 0.5 அழுக்கின் பிழை. அது முந்தைய வருகையிலிருந்து படிப்படியாக வளர்ந்ததாகக் கொண்டு இடைப்பட்ட பதிவுகள் முழுவதும் திருத்தப்படும். பிறகு நைட்ரேட் இல்லாத தூய நீரிலும் செறிவு தெரிந்த கரைசலிலும் சென்சாரை வைத்து அதன் சொந்தப் பிழையைத் தனியே பார்ப்பார். கடைசியாக ஒரு புட்டியில் நீரெடுத்து ஆய்வகத்திற்கு அனுப்புவார். ஆக, பழைய புட்டி மாதிரியின் வேலை முடிந்துவிடவில்லை. தொடர் அளவீட்டின் நம்பகத்தன்மையே அதில்தான் நிற்கிறது. சென்சார் ஆற்றின் ஒரே ஒரு புள்ளியைத்தான் தொடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. கிளையாறு சேருமிடத்திற்குக் கீழே இரு நீரும் முழுதாகக் கலக்கப் பல கிலோமீட்டர் ஆகலாம். ஒரு கரையில் கட்டிய கருவி ஒரு கிளையின் நீரை மட்டுமே அளந்துகொண்டிருக்கும்.

இவ்வளவு திருத்தங்கள் இருப்பதால், நேரலையில் வெளியாகும் எண்கள் ‘தற்காலிகமானவை’ என்ற குறிப்போடு வருகின்றன. திருத்தி முடியும் வரை வெளியிடவே கூடாது என்று சில அமைப்புகள் கருதுவதுண்டு. குறிப்போடு உடனே வெளியிடுவதுதான் சரி என்பது என் கருத்து. குடிநீர் எடுப்பவருக்கு ஆறு மாதம் கழித்து வரும் துல்லியமான எண்ணைவிட இன்று வரும் ஓரளவு சரியான எண்தான் பயன்படும். எண்களைப் படிப்பவர்கள் அலகைக் கவனிக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அமெரிக்காவின் குடிநீர் வரம்பு நைட்ரஜனாகக் கணக்கிட்டு லிட்டருக்கு 10 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு நைட்ரேட்டாகக் கணக்கிட்டு 50 மில்லிகிராம். நைட்ரஜன் கணக்கை நைட்ரேட் கணக்காக மாற்ற முன்னதை 4.43-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 44 வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவையே.

அந்த வரம்பு கைக்குழந்தைகளின் உயிரைக் காக்க வகுக்கப்பட்டது. நைட்ரேட் மிகுந்த நீரில் கரைத்த பாலைக் குடிக்கும் குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். அயோவாவின் தலைநகரான டி மொய்ன் நகரம், ரக்கூன் ஆறு, டி மொய்ன் ஆறு ஆகிய இரண்டிலிருந்தும் குடிநீர் எடுக்கிறது. 1990-களின் தொடக்கத்திலேயே அந்நகரம் நைட்ரேட்டை நீக்குவதற்கென ஒரு தனி நிலையம் கட்ட வேண்டியதாயிற்று. அதை இயக்குவது செலவு மிகுந்தது. மேல்நீரோட்டத்தில் நைட்ரேட் ஏறுவதைச் சென்சார்கள் முன்கூட்டியே சொன்னால், எந்த ஆற்றிலிருந்து எவ்வளவு எடுப்பது, நிலையத்தை எப்போது இயக்குவது என்று திட்டமிட அவகாசம் கிடைக்கும். 2015-இல் அந்நகரின் குடிநீர் அமைப்பு மேல்நீரோட்டத்து மூன்று மாவட்டங்களில் வயல்நீரை ஆற்றுக்குள் வடிக்கும் வடிகால் அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தது. 2017-இல் வழக்கு தள்ளுபடியானது. வடிகால் அமைப்புகளுக்குச் சட்டம் அளித்திருந்த பாதுகாப்பே அதற்கு அடிப்படை. 2025 ஜூனில் இரு ஆறுகளிலும் நைட்ரேட் மிக உயர்ந்தபோது, நீக்கும் நிலையத்தின் திறனுக்குள் தேவையை அடக்குவதற்காகப் புல்தரைகளுக்கு நீர் பாய்ச்சுவதற்கே அப்பகுதியில் தடை விதிக்கப்பட்டது.

மாசு குறைகிறதா என்று அறிய நெடுங்காலம் பிடிக்கும். இன்று உரத்தைக் குறைத்தாலும், பல பத்தாண்டுகளாக மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சேர்ந்திருக்கும் நைட்ரஜன் தொடர்ந்து கசிந்துகொண்டே இருக்கும். மழை மிகுந்த ஆண்டும் வறண்ட ஆண்டும் மாறி மாறி வருவதால், ஐந்தாண்டுப் பதிவில் தெரியும் ஏற்றமோ இறக்கமோ பெரும்பாலும் வானிலையின் விளைவாகவே இருக்கும். ஆகையால் பத்து, இருபது ஆண்டுகள் இடைவெளியின்றி நீடிக்கும் பதிவுதான் கொள்கைக்கு உதவும்; ஆனால் நிதி ஒதுக்கீடுகள் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் பார்ப்பதில்லை. அயோவாவில் 2023-இல் மாநிலச் சட்டமன்றம், நைட்ரேட் சென்சார் வலையமைப்புக்கு உதவிவந்த ஊட்டச்சத்து ஆய்வு மையத்தின் நிதியில் 5 லட்சம் டாலரை வேறு பணிக்குத் திருப்பியது. சிக்கலின் நடுவில் இருக்கும் மாநிலத்திலேயே இந்நிலை என்பது வருத்தத்துக்குரியது.

நிதி சுருங்கும்போது எல்லாக் கருவிகளையும் அரைகுறையாகப் பராமரித்துக்கொண்டு எண்ணிக்கையைக் காப்பாற்றுவது மிக மோசமான தேர்வு. அழுக்குப் படிந்த இருபது சென்சார்களின் பதிவைக் கொண்டு எந்தச் சுமையையும் கணக்கிட முடியாது. ஓட்டத்தை அளக்கும் நிலையம் ஏற்கெனவே உள்ள இடம், கிளையாறுகள் நன்றாகக் கலந்து முடிந்த இடம், குடிநீர் எடுக்கும் இடத்திற்கு ஓரிரு நாள் ஓட்டத் தொலைவில் மேலே இருக்கும் இடம் ஆகியவற்றில் மட்டும் சிலவற்றை நிறுத்திக்கொண்டு, அவற்றுக்கான மாதாந்திர வருகைகளையும் ஆய்வக மாதிரிகளையும் குறைக்காமல் வைத்திருக்கலாம். மீதமாகும் பணத்தில் அந்த இடங்களில் ஒன்றிலாவது கரைந்த பாஸ்பரஸை அளக்கும் கரையோரக் கருவி ஒன்றை நிறுவுவது, இன்னும் பத்து நைட்ரேட் சென்சார்களை வாங்குவதைவிடக் கூடுதலாகச் சொல்லும்.